குளியலறைக்கு வந்த சமன்பாடு

நோன்பு பிறக்க இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. வீட்டைக் கழுவித் துடைக்கும் வேலையில் உம்மா இறங்கியிருந்தார். கொமட்டில் படிந்திருந்த மஞ்சள் கறை, வழமையாக ஊற்றும் நீலநிறத் திரவத்துக்கு அசையவில்லை. எனவே அதன் மேலேயே உடுப்பு வெளுக்கும் ப்ளீச்சிலும் அரைக் கோப்பை ஊற்றியிருக்கிறார். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்பது அவரது கணக்கு.

"மகள், மூச்சு அடைக்குது" என்ற சத்தம் கேட்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் நீச்சல் தடாகத்தில் வருவது போன்ற, ஆனால் அதைவிடப் பல மடங்கு காரமான மணம் முகத்தில் அடித்தது. உம்மாவைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தேன். அன்று இரவு ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். மறுநாள் வீடு திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் அந்தத் தாக்கத்தின் சமன்பாட்டைத் தவணைப் பரீட்சையில் எழுதி முழுப் புள்ளியும் பெற்றிருந்தேன். அது கொப்பியில் இருந்தது. வீட்டுக்கு வரவில்லை. அதை உங்கள் வீட்டுக்கு அனுப்பவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விடயம். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் டின்னுக்குள் ஓர் அமிலத் தூளும் ஒரு காபனேற்றுத் தூளும் பல மாதங்கள் சண்டையின்றி இருக்கின்றன. நீர் பட்டதும் நுரைத்து எழுகின்றன. காரணம், திண்மத்தில் அயன்கள் தத்தம் இடத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. நீரில் கரைந்ததும் அவை விடுபட்டு எங்கும் அலைகின்றன, ஒன்றையொன்று சந்திக்கின்றன. கரைசலில் தாக்கங்கள் கண்மூடித் திறப்பதற்குள் நடப்பது இதனால்தான். நாம் வாங்கும் துப்புரவுத் திரவங்கள் எல்லாம் ஏற்கெனவே கரைசல்கள். அவற்றைக் கலப்பதென்பது, விடுபட்ட அயன்களை நேருக்கு நேர் நிறுத்துவதாகும்.

ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. போத்தலுக்குள் அது மூல ஊடகத்தில் இருக்கிறது. ஆகவே பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேரும்போது:

சோடியம் ஐப்போகுளோரைற்று + இரண்டு பங்கு ஐதரோகுளோரிக் அமிலம் → குளோரீன் + சோடியம் குளோரைட்டு + நீர்

உப்பும் நீரும் யாருக்கும் தீங்கு செய்யா. குளோரீன்தான் ஆபத்து. 1774 இல் சீலே என்ற சுவீடன் இரசாயனவியலாளர் முதன்முதலில் தயாரித்த வாயு இது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே போர்க்களத்தில் ஜேர்மனியப் படையினர் சிலிண்டர்களிலிருந்து திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

உம்மா ஊற்றியது அரைக் கோப்பைதானே என்று நினைக்கத் தோன்றும். நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீத ப்ளீச் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 5 கிராம் ஐப்போகுளோரைற்று இருக்கிறது. அதன் மூலர்த் திணிவு 74.5. ஆகவே அது 0.067 மூல். ஒரு மூல் வாயு அறை வெப்பநிலையிலும் சாதாரண வளிமண்டல அமுக்கத்திலும் ஏறத்தாழ 24 லீற்றர் இடத்தை அடைக்கும். எந்த வாயுவானாலும் ஏறக்குறைய அதே கனவளவுதான். எனவே கிடைக்கும் குளோரீன் 1.6 லீற்றர்.

எங்கள் குளியலறை நீளம் 1.5 மீற்றர், அகலம் 1.5 மீற்றர், உயரம் 2.4 மீற்றர். அதன் கனவளவு 5400 லீற்றர். குளோரீன் முழுவதும் வெளியேறி அறையில் பரவினால், மில்லியனுக்கு ஏறத்தாழ 300 பங்கு. ஐக்கிய அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் மில்லியனுக்கு 10 பங்கையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கொள்கிறது. எல்லா வாயுவும் வெளியேறுவதில்லை என்பது உண்மை. ஆனால் பத்தில் ஒரு பங்கு வெளியேறினாலும் அந்த எல்லையைத் தாண்டி மும்மடங்காகிவிடும்.

அடுத்து, வாயு எப்படி நடந்துகொள்கிறது? வளியின் சராசரி மூலர்த் திணிவு 29; குளோரீனுடையது 71. அதாவது வளியைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தி. ஆகவே அது முதலில் தரையோடு படிகிறது. குனிந்து தேய்ப்பவரும் தவழும் குழந்தையும்தான் அதை அதிகம் சுவாசிக்கிறார்கள். வெந்நீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். வெப்பநிலை கூடக் கூட வாயு நீரில் கரைந்திருக்கும் அளவு குறையும். சூடேறிய சோடாப் போத்தலைத் திறந்தால் பொங்குவதும் இதனால்தான். எஞ்சிய இரண்டு திரவங்களையும் ஒரே போத்தலில் ஊற்றி மூடுவதும் கூடாது. கனவளவு மாறாத இடத்தில் வாயுவின் அளவு கூடினால் அமுக்கம் ஏறும், போத்தல் வெடிக்கலாம்.

அந்த வாயு எம் உடலில் செய்வதும் கரைசலில் நடக்கும் தாக்கமே. கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தையும் ஐப்போகுளோரசு அமிலத்தையும் தருகிறது. எரிச்சலும் இருமலும் அதன் விளைவு.

இதனால் ப்ளீச்சை வெறுக்க வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் இடும்போது கிருமியைக் கொல்வதும் அதே ஐப்போகுளோரசு அமிலம்தான். அங்கு மிகக் குறைந்த அளவே போதும். அளவும், எதனுடன் சேர்கிறது என்பதுமே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றன.

ஆகவே தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் என் வேண்டுகோள்:

ப்ளீச்சை நீருடன் மட்டும் கலவுங்கள். கழிவறைத் திரவம், வினாகிரி, தேசிக்காய்ப் புளி எதனுடனும் சேர்க்க வேண்டாம். அமோனியா உள்ள திரவத்துடன் சேர்ந்தால் குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு உண்டாகும். ஒன்றைப் பாவித்தபின் நிறைய நீரூற்றிக் கழுவாமல் மற்றதை எடுக்க வேண்டாம். கழுவும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

தவறுதலாகக் கலந்துவிட்டால், கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியேறுங்கள். கண் எரிந்தால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், எதை எதனுடன் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால் "இப்போ சுகம்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

சுத்தத்தை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கம் எங்களுடையது. எங்கள் வீட்டுப் போத்தல்களின் பின்புறத்தில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், மிகச் சிறிய எழுத்தில். இப்போது அந்த இரண்டு போத்தல்களிலும் நான் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "இதுவும் அதுவும் சேரக் கூடாது." உம்மா அதை வாசித்துவிட்டு, "இத முன்னமே எழுதியிருக்கலாமே மகள்" என்றார்.

உங்கள் கொப்பியில் இருப்பதையும் இன்றே எழுதி ஒட்டுங்கள்.