பார்வையால் மந்தையை நடத்தும் நாய்

ஆடு மேய்ப்பவனுக்கு நாய் இருவகையில் துணைசெய்யும். ஓநாயும் கள்வரும் அணுகாமல் மந்தையைக் காப்பது ஒன்று. சிதறிய ஆடுகளை மடக்கிப் பட்டியில் சேர்ப்பது மற்றொன்று. காவல் நாய் வேறு. மேய்ப்பு நாய் வேறு. மேய்ப்பு நாய்களுள் பெரும்புகழ் பெற்றது 'பார்டர் கோலி' என்னும் இனம். 'பார்டர்' என்றால் எல்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் கூடும் எல்லைப்புற மலைச்சரிவுகளே இதன் தாயகம். ஆதலின் இப்பெயர் அமைந்தது.

1893ஆம் ஆண்டில் நார்தம்பர்லாந்தில் ஆதம் டெல்பர் என்பவரிடம் 'ஹெம்ப்' என்ற நாய் பிறந்தது. அது குரைத்தும் கடித்தும் அச்சுறுத்தாமல், அமைதியாகவே ஆடுகளை நடத்திற்று. 1901இல் அது மறைந்தது. எனினும் இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

இந்நாய் வளைந்து ஓடி மந்தையின் மறுபுறம் செல்லும். பின்னர் உடலைத் தாழ்த்தி, தலையை நீட்டி, கண் இமையாமல் ஆடுகளை நோக்கும். அவை பின்வாங்கி மேய்ப்பனை நோக்கி நகரும். இது ஓநாயின் வேட்டை முறையே அன்றோ எனலாம். உண்மையே. வேட்டையில் நோக்கல், பதுங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல் எனப் பல படிகள் உள. மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, முதற்படிகளை வளர்த்தான். இறுதிப் படிகளை ஒடுக்கினான். மேய்ப்பனின் சீழ்க்கை ஒலிக்கேற்ப நாய் இடமும் வலமும் திரும்பும், நிற்கும், படுக்கும்.

இதன் அறிவுக்கு ஒரு சான்று கூறுவோம். அமெரிக்காவில் 'சேசர்' என்ற பார்டர் கோலி, ஆயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைப் பிரித்தறிந்ததாக 2011இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை காட்டுகிறது.

உருவத்தைவிடத் தொழிலே இவ்வினத்தின் இலக்கணம். நிறமும் காதின் அமைப்பும் நாய்க்கு நாய் வேறுபடும். வேலை செய்யும் வேட்கை மட்டும் பொதுவாக நிற்கும். பேணலின் அடிப்படையும் இதுவே. வீட்டில் கட்டிப்போட்டு, வேளைக்கு உணவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. வேலையற்ற நாய் தானே வேலை தேடும்: வண்டிகளைத் துரத்தும், சிறுவர்களை மடக்கும், ஓயாது குரைக்கும். இதனைக் குறும்பு என்று அடித்தல் கொடுமையாகும். அது நாம் ஊட்டிய இயல்பேயாகும். நாள்தோறும் நெடுநேரம் ஓட்டமும், மூளைக்குப் பயிற்சியும் வேண்டும். மயிர் இரட்டை அடுக்காதலின் வாரந்தோறும் சீவுதல் வேண்டும். வெப்பமிக்க நாடுகளில் நண்பகலில் ஓடவிடலாகாது. களைத்தாலும் நில்லாமல் ஓடுவது அதன் குணம். பரம்பரைக் கண்நோயும் இடுப்பு மூட்டுக் குறையும் இவ்வினத்தில் உண்டு. குட்டியை வாங்குமுன் பெற்றோர் நாய்கள் சோதிக்கப்பட்டனவா என்று கேட்டறிதல் நன்று.

அழகையும் அறிவையும் கண்டு விரும்புவோர், நாள்தோறும் அதற்கு என்ன வேலை கொடுக்க இயலும் என்பதை முதலில் எண்ணுக. விடை இல்லையேல், வாங்காதிருத்தலே அந்நாய்க்குச் செய்யும் அன்பாகும்.