அழுத வாலிபர், அசையாத மானேஜர்

அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றால் உயிர். அங்கே பெரிய குழுக்கள், வெளியூர்களில் சிறிய குழுக்களை வைத்து இளைஞர்களைப் பழக்கும். தேறியவர்களைப் பெரிய குழுவுக்கு அழைத்துக்கொள்ளும்.

1951-ம் ஆண்டு மே மாதம். மினியாபோலிஸ் நகரக் குழுவில் ஆடிவந்தார் வில்லி மேஸ். வயது 20. பத்துக்கு மூன்று முறை சரியாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். இவரோ ஏறக்குறைய ஐந்து முறை அடித்தார்!

நியூயார்க் ஜயண்ட்ஸ் குழு அவரை அழைத்தது. மேஸ் தயங்கினார். மானேஜர் லியோ டுரோச்சர் விடவில்லை.

வந்த இடத்தில் சோதனை! முதல் 12 முறையும் தோல்வி. 13-வது முறை பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டார். பிறகு மறுபடியும் சறுக்கல்.

மேஸ் அழுதுவிட்டார். தம்மைத் திருப்பி அனுப்பிவிடும்படி கெஞ்சினார்.

அனுப்பியிருந்தால்? அந்த இளம் உள்ளம் ஒடிந்தே போயிருக்கலாம். டுரோச்சர் அசையவில்லை. தாம் மானேஜராக இருக்கும்வரை மேஸ்தான் ஆடுவார் என்று உறுதியாகச் சொன்னார்.

நம்பிக்கை வீண்போகவில்லை. அந்த ஆண்டு ஜயண்ட்ஸ் குழு தன் லீக்கில் முதலிடம் பெற்றது. சிறந்த புதிய ஆட்டக்காரர் பட்டம் மேசுக்குக் கிடைத்தது. மொத்தம் 660 'ஹோம் ரன்' அடித்த அவர், 2024-ல் தமது 93-வது வயதில் காலமானார்.

திறமையைக் கண்டு அழைப்பது பெரிதல்ல. தடுமாறும்போது கைவிடாமல் இருப்பதே பெரிது!