கேஸ் கூடினால் குற்றம் கூடிவிட்டதா?



"எங்க ஊர்ல போலீஸ் கேஸே கிடையாதுங்க, நல்ல ஊரு" என்று கூட்டங்களில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். பக்கத்து ஊரில் நாலு கேஸ் பதிவானால், "அது மோசமான ஊரு" என்கிறோம். இது சரிதானா?

கணக்கு எப்படி வருகிறது?

அரசு வெளியிடும் குற்றக் கணக்கு என்பது காவல் நிலையங்களில் பதிவான வழக்குகளின் கணக்கு. நடந்த குற்றம் எல்லாம் அதில் வராது. ஆடு திருடு போனாலும், புருஷன் குடித்துவிட்டு அடித்தாலும், புகார் கொடுக்காவிட்டால் ஏட்டில் ஏறாது.

வழக்குகள் இரண்டு வழியில் வருகின்றன. கள்ளச்சாராயம், சூதாட்டம் போன்றவற்றைப் போலீசார் தாங்களே தேடிப் பிடிக்கிறார்கள். ரெய்டு நடந்தால் கேஸ் கூடும். ரெய்டை நிறுத்தினால் கேஸ் குறையும், ஆனால் சாராயம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெண்கள் மீதான வன்முறை அப்படி இல்லை. நாம் வாய் திறந்தால்தான் பெரும்பாலும் அது வெளியே வரும்.

பெண்கள் பேசினால் என்ன ஆகும்?

1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் மூலம் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு பெண்கள் மீதான குற்ற வழக்குகள் 44 சதவீதம் கூடியதாக 2012-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. குற்றம் பெருகியதால் அல்ல. பெண்கள் தைரியமாகப் புகார் கொடுத்ததும், போலீசார் அதைக் காதில் வாங்கியதும்தான் முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தமிழ்நாட்டில் 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தொடங்கியதும் பெண்கள் தயங்காமல் வர வேண்டும் என்பதற்காகத்தான்.

சும்மா இருந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

புகாரே வராத ஊருக்கு ரோந்து எதற்கு என்றுதான் அதிகாரிகள் நினைப்பார்கள். அடித்தவனுக்கும் பயம் விட்டுப்போகும். அடுத்த முறை அடி இன்னும் பலமாக விழும்.

புகார் கொடுக்கும்போது நினைவில் வையுங்கள்

1. மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

2. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதன் நகல் இலவசம்.

3. "இது எங்க ஸ்டேஷன் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது தெளிவாக உள்ளது.

4. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

5. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம்.

6. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

தனியாகப் போகத் தயக்கமா? குழுவில் இரண்டு பேர் துணைக்குப் போங்கள். அடி வாங்கிக்கொண்டு மூடி மறைப்பதால் ஊருக்கு நல்ல பேர் வராது. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். கேஸ் இல்லாத ஊர் என்பதைவிட, பெண்கள் பயமில்லாமல் புகார் கொடுக்கும் ஊர் என்பதுதான் நமக்குப் பெருமை.