வெள்ளை அடித்தால் எலும்பாகுமா?

கொலுவுக்குப் பிருங்கி முனிவர் பொம்மை செய்கிறீர்களா? அம்பிகையை விட்டு ஈசனை மட்டும் வலம் வந்ததால் சதையும் இரத்தமும் இழந்து, எலும்புக் கூடாய், மூன்றாவது காலை ஊன்றி நின்றவர் அல்லவா அவர்! திருவண்ணாமலையில் தை மாதம் நடக்கும் திருவூடல் விழா அவர் கதைதான்.

அந்த ஜில்லாவிலேயே இருக்கும் ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு மாட்டெலும்பு வெயிலில் கிடப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். கொழுப்பு வற்றி, மேல்பக்கம் வெளுத்திருக்கும். நீளவாக்கில் வெடிப்பு ஓடும். மண்ணில் பதிந்த பக்கமோ பழுப்பேறியிருக்கும்.

ஆகவே, முதலில் பொம்மை முழுவதும் பழுப்பு வர்ணம் பூசுங்கள். காய்ந்ததும் தந்த நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் இலேசாகத் தேயுங்கள். முழங்காலிலும் கன்ன எலும்பிலும் துளி வெள்ளை போதும். விலா இடுக்குகளைத் தொடாதீர்கள். தொட்டால் முனிவர் சுண்ணாம்புக் கட்டியாகி விடுவார்!