மங்கு படரும் முகம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணை நீர் பாயும் கூமாப்பட்டியை 2025-ஆம் ஆண்டில் கைப்பேசிக் காணொளிகள் நாடறியச் செய்தன. தென்னஞ்சோலையையும் நெல்வயலையும் கண்டு வெளியூரார் வியந்தனர். அவ்வயல்களில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்களின் முகத்தை எத்தனை பேர் கவனித்தனரோ! பெண்கள் பலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் படரும் பழுப்புத் திட்டையே நாம் மங்கு என்கிறோம். (சோதிடர் கூறும் மங்கு சனிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.)

இது அரிக்காது, வலிக்காது, பிறருக்குத் தொற்றாது. ஆயினும் "முகம் ஏன் இப்படிக் கறுத்துப்போயிற்று?" என்று விசேஷ வீட்டில் நாலுபேர் கேட்கையில் அப்பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! கர்ப்பிணியின் முகக் கறுப்பைக் கண்டு பிள்ளை ஆணா, பெண்ணா எனக் கணிப்போரும் உளர். அது வெறும் ஊகமே.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் ஆகிய சுரப்புநீர்கள் மிகுந்து, மெலனினை உண்டாக்கும் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. வயிற்றின் நடுவே கருங்கோடு தோன்றுவதும் இதனாலேயே. கருத்தடை மாத்திரைகளில் இச்சுரப்புநீர்களின் செயற்கை வடிவங்கள் இருப்பதால், அவற்றை உட்கொள்ளும் சிலருக்கும் மங்கு வருகிறது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு மிகுதி. தூண்டப்பட்ட அவ்வுயிரணுக்களின்மீது வெயிலும் விழும்போது திட்டு கறுத்துத் தெரிகிறது. வயலில் உழைப்பவளுக்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கின்றன.

பிள்ளை பிறந்தபின் பலருக்குச் சில மாதங்களில் இது மங்கிவிடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். பொறுக்கமாட்டாமல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பை வாங்கிப் பூசுவதில்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டொரு வாரத்தில் முகம் வெளுக்கும், வீட்டார் மகிழ்வர். பின்னர் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரியும், பருக்கள் கிளம்பும், பூசுவதை நிறுத்தினாலோ முகம் தீயாய் எரியும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-இல் நடுவண் அரசு விதி செய்தது. இன்றும் கேட்டால் கிடைக்கிறதே, அதை என்னென்பது? 2023-இல் கேரளத்தின் மலப்புரத்தில், பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பு பூசியோர் சிலருக்குச் சிறுநீரகமே பழுதுற்றது.

எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் செல்வதும் தகாது. தோல் வெந்து முன்னிலும் கறுக்கும். அகன்ற ஓலைத்தொப்பியோ, முகத்தை மறைக்க இழுத்துவிட்ட முந்தானையோ நல்ல காப்பு. வெயில்காப்புக் களிம்பு வாங்க இயலுமானால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள வகை மங்குக்கு ஏற்றது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். கர்ப்பிணிகள் மங்குக்கான மருந்துகளைத் தாமாகத் தொடவே கூடாது, பேறுகாலம் முடியட்டும். திட்டு சிவந்து மூட்டுவலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ, உணர்ச்சியற்றிருந்தாலோ அது மங்கன்று. உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இப்பகுதி மக்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. தோல் மருத்துவரைக் காணச் செல்கையில், இதுவரை பூசிய களிம்புக் குழாய்களை வெட்கப்படாமல் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.