வெண்புள்ளி தொற்றாது

பாடாலூர்ப் பகுதிப் பள்ளியொன்றில் பணியாற்றும் நான், வெண்புள்ளி உள்ள மாணவியின் அருகில் அமரப் பிள்ளைகள் தயங்கியதைக் கண்டிருக்கிறேன். ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயரே இந்த அச்சத்தை வளர்க்கிறது. இது தொழுநோய் அன்று; தொற்றாது. நிறமியை உருவாக்கும் மெலனோசைட் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழிப்பதால் தோல் வெளுக்கிறது.

களிம்பும் புறஊதாக் கதிர் சிகிச்சையும் பலன்தரப் பல மாதங்கள் ஆகலாம். எனவே மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களில் விடுபடும் பாடங்களை நாம் ஈடுசெய்து தர வேண்டும். நிறமிழந்த தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும்; காலை வணக்கக் கூட்டத்தில் வகுப்பு முழுவதையும் நிழலில் நிறுத்தினால் எவரும் தனித்துத் தெரியமாட்டார். கேலிப்பெயரை முதல்முறை கேட்டவுடனே தடுப்போம்.

ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அன்று அறிவியல் வகுப்பில், எவர் பெயரையும் சுட்டாமல், செல் பாடத்தோடு இதையும் விளக்குவோம்.