நான்கு அறைக்கு ஒரு ஏ.சி.யா, நான்கு ஏ.சி.யா?

அறுகம்பேயில் நான்கு அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்தி வருகிறேன். இடம் மிச்சம், பார்வைக்கும் அழகு என்று ஒரே வெளி யுனிட்டில் நான்கு அறைகளையும் இணைக்கும் மல்டி ஸ்பிளிட் ஏ.சி. பூட்டினேன். 2023 ஓகஸ்ட், அலைச்சறுக்கு சீசன் உச்சத்தில் வெளி யுனிட்டின் சேர்க்கிட் போர்ட் பழுதானது. நான்கு அறைகளும் ஒன்றாக நின்றன. கொழும்பிலிருந்து பாகம் வர ஒன்பது நாட்கள். வெளிநாட்டவரின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் கணக்குப் புரிந்தது.

விடுதி கட்டும் சகோதரர்களுக்கு என் ஆலோசனை இதுதான். வெளிச்சுவரில் இடமிருந்தால் அறைக்கொரு இன்வேர்ட்டர் ஏ.சி.யே பாதுகாப்பு. ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றும் உழைக்கும். 120 சதுர அடி அறைக்குப் பொதுவாக 9,000 பீ.ரி.யு. போதும், வெயில் நேரே படும் மேல்மாடிக்கு 12,000 பாருங்கள். கடலோர உப்புக்காற்று கொயிலை அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் பூச்சுள்ளதையே கேட்டு வாங்குங்கள். இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். விலை பேசுமுன் உதிரிப்பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

இப்போது இரண்டு அறைகளுக்குத் தனி ஏ.சி. போட்டுவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். மீதி இரண்டும் அடுத்த சீசனுக்குமுன், இன்ஷா அல்லாஹ்.